டெசராக்ட் பாதியில் நிற்கிறது: கம்பைல் பிழையை எங்கிருந்து படிப்பது?

கேள்வி: பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். அவற்றை எழுத்துக் கோப்பாக மாற்ற டெசராக்ட் 5 வேண்டும். லேப்டாப்பில் உபுண்டு 22.04, 4 ஜிபி ரேம். பேக்கேஜாக 4.1.1 மட்டுமே கிடைப்பதால் மூலநிரலை இறக்கினேன். ‘லெப்டோனிகா (படங்களைக் கையாள டெசராக்ட் நம்பியிருக்கும் லைப்ரரி) 1.74 அல்லது அதற்கு மேல் தேவை’ என்று, தேவையானவை இருக்கின்றனவா எனச் சோதிக்கும் கான்ஃபிகர் நின்றது. நிறுவப் போனால் ‘லிப்லெப்ட்5’ ஏற்கெனவே இருக்கிறது என்கிறது கணினி. இணையத்தில் பார்த்து லெப்டோனிகாவையும் மூலத்திலிருந்தே நிறுவினேன். கான்ஃபிகர் தாண்டியது. ஆனால் மூலநிரலை இயங்கும் நிரலாகக் கட்டும் கட்டளையான மேக்கை ‘மேக் -ஜே8’ என்று கொடுத்தால் பாதியில் எர்ரர் 1, எர்ரர் 2 என்று நின்றுவிடுகிறது. ஒருமுறை டெர்மினல் சன்னலே மூடிக்கொண்டது. கடைசி மூன்று வரிகளை இணைத்திருக்கிறேன். எதைச் சரிசெய்ய வேண்டும்? – ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்:

ஐயா, நீங்கள் அனுப்பிய மூன்று வரிகளிலும் பிழை என்னவென்ற தகவலே இல்லை. உள் அடைவில் ஓடிய மேக் தோற்றுவிட்டது என்று அதை அழைத்த மேக் சொல்கிறது. அதை அழைத்தது அதையே திருப்பிச் சொல்கிறது. சதுர அடைப்புக்குறிக்குள் வரும் 2, 1 என்ற எண்கள் அந்த அடுக்குகளைக் குறிப்பவை. உண்மையான பிழை அவற்றுக்கு மேலே, சில சமயம் நூறு வரிகளுக்கு மேலேகூட இருக்கும். ‘-ஜே8’ கொடுத்திருப்பதால் எட்டு வேலைகள் ஒன்றாக ஓடுகின்றன. ஒன்று விழுந்ததும் மேக் புது வேலை எதையும் தொடங்காது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் மற்ற ஏழும் முடியும்வரை காத்திருக்கும். அவை கக்கும் வரிகளுக்கு அடியில் பிழை புதைந்துவிடுகிறது.

முதலில் பிழையைத் தோண்டி எடுப்போம். (இங்கே கட்டளைகளை ஒலிப்புக்கேற்பத் தமிழில் தந்திருக்கிறேன்; டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.) எண் எதுவும் போடாமல், ஒரே வேலையாக ஓட்டி, வருவதையெல்லாம் கோப்பில் சேருங்கள்:

மேக் 2>&1 | டீ பில்ட்.லாக்

நடுவில் உள்ள ‘2>&1’ஐ விட்டுவிடாதீர்கள். கம்பைலரின் பிழைச்செய்திகள் தனி வழியாக வருபவை. அந்தத் துண்டு இல்லாவிட்டால் திரையில் தெரிந்தாலும் கோப்பில் ஏறாது. மேக் ஏற்கெனவே முடித்த கோப்புகளை மறுபடி தொடாது. விழுந்த இடத்திலிருந்துதான் தொடரும். ஆகவே அதிக நேரம் பிடிக்காது.

பிறகு அந்தக் கோப்பில் ‘எர்ரர்:’ என்று, முக்காற்புள்ளியோடு, சிற்றெழுத்தில் தேடுங்கள். கம்பைலர் எழுதும் பிழைக்கு முக்காற்புள்ளி உண்டு. மேக் எழுதும் ‘எர்ரர் 1’க்குக் கிடையாது, அதன் முதலெழுத்தும் பேரெழுத்து. இந்தச் சின்ன வேறுபாடு போதும், குப்பையையும் சரக்கையும் பிரித்துவிடலாம். கிடைப்பவற்றில் முதலாவதை மட்டும் படியுங்கள். ஹெடர் கோப்பில் (லைப்ரரி தரும் பெயர்களை அறிவிக்கும் கோப்பு) ஒரு பெயரின் அறிவிப்பு இல்லாமல் போனால் அது வரும் இடமெல்லாம் ‘அறியாத பெயர்’ ஆகி, அடுத்தடுத்து ஐம்பது பிழைகள் வரும். அந்த ஐம்பதும் முதலாவதன் பிள்ளைகள். ‘வார்னிங்’ என்று வருபவற்றை இப்போதைக்குப் பார்க்கவே வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு: தேடலில் கிடைத்த வரி ‘கலெக்ட்2: எர்ரர்: எல்டி ரிட்டர்ன்ட் 1’ என்றிருந்தால் அதற்கு நேர் மேலே பாருங்கள். விஷயம் அங்கே ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்று இருக்கும். அது, கம்பைல் ஆன கோப்புகளை லைப்ரரிகளோடு இணைக்கும் லிங்கரின் பிழை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

டெர்மினலே மூடிக்கொண்டது என்று எழுதியிருக்கிறீர்கள். பதிவுக் கோப்பைப் பார்க்காமலேயே ஒன்றை ஊகிக்கலாம்: நினைவகம் போதவில்லை. சி++ கோப்பு ஒன்றைக் கம்பைல் செய்ய ‘சிசி1பிளஸ்’ என்ற நிரல் சில நூறு எம்பி வரை எடுக்கும். எட்டு ஒன்றாக ஓடினால் 4 ஜிபியில், அதுவும் டெஸ்க்டாப்பும் பிரவுசரும் பாதியைத் தின்றபின், இடம் எங்கே? லினக்ஸின் மையநிரலான கெர்னல் அவற்றில் ஒன்றைக் கொன்றுவிடும். அப்போது பதிவில் ‘ஃபேட்டல் எர்ரர்: கில்ட் சிக்னல் டெர்மினேட்டட் புரோகிராம் சிசி1பிளஸ்’ என்று இருக்கும். ‘சுடோ டிமெசேஜ்’ கொடுத்தால் (கட்டளையில் ‘டி’யோடு மெசேஜின் சுருக்கம், மொத்தம் ஐந்தெழுத்து) ‘அவுட் ஆஃப் மெமரி’ வரியையும் பார்க்கலாம். உபுண்டு 22.04இல் சிஸ்டம்டி-ஊம்டி என்ற காவலாளி வேறு இயல்பாகவே இயங்குகிறது. நினைவக நெருக்கடி கூடினால் அது தனிச் செயலியை விட்டுவிட்டு அந்தக் குழுவையே மூடிவிடும். உங்கள் சன்னல் மறைந்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். மூலநிரலில் ஒரு குற்றமும் இல்லை. பிரவுசரை மூடிவிட்டு ‘மேக் -ஜே2’ போதும். ஒரு வேலைக்கு ஒரு ஜிபி மிச்சம் இருக்கிறதா என்று கணக்குப் பார்ப்பது நல்ல பழக்கம். இணைய வழிகாட்டிகள் ‘என்பிராக்’ காட்டும் எண்ணைப் போடச் சொல்லும். அது பிராசஸர் எத்தனை வேலையைத் தாங்கும் என்ற கணக்கு, ரேமை அது பார்ப்பதில்லை. -ஜே2வும் தாங்காவிட்டால் 4 ஜிபிக்குத் தற்காலிக ஸ்வாப் கோப்பு (ரேம் போதாதபோது கைகொடுக்கும் வட்டு இடம்) வையுங்கள்: ‘ஃபால்லொகேட் -எல் 4ஜி /ஸ்வாப்2’, பிறகு அதே கோப்புக்கு ‘சிஎச்மாட் 600’, ‘எம்கேஸ்வாப்’, ‘ஸ்வாப்ஆன்’ என்ற வரிசை, எல்லாம் நிர்வாகி உரிமை தரும் சுடோவோடு. வேலை முடிந்தபின் ‘ஸ்வாப்ஆஃப்’ கொடுத்துக் கோப்பை அழித்துவிடலாம்.

இனி லெப்டோனிகா. இங்கேதான் ஒரு சிக்கலை நீங்களே கூட்டிக்கொண்டீர்கள்.

‘லிப்லெப்ட்5 ஏற்கெனவே இருக்கிறது’ என்று கணினி சொன்னதும் உண்மை, ‘லெப்டோனிகா வேண்டும்’ என்று கான்ஃபிகர் சொன்னதும் உண்மை. உபுண்டு, டெபியனில் ஒரு லைப்ரரி இரண்டு பேக்கேஜாக வரும். லிப்லெப்ட்5இல் இருப்பது ஓடும்போது தேவைப்படும் .எஸ்ஓ கோப்பு மட்டும். கம்பைல் செய்ய ஹெடர் கோப்பு வேண்டும், லைப்ரரி எங்கே, எந்தப் பதிப்பு என்று சொல்லும் கருவியான பிகேஜி-கான்ஃபிக் படிக்கும் .பிசி கோப்பும் வேண்டும். இவை ‘-டெவ்’ என்று முடியும் பேக்கேஜில் இருக்கும். ஃபெடோராவில் அதே ‘-டெவல்’ என்று முடியும். உங்களுக்குத் தேவைப்பட்டது ‘லிப்லெப்டோனிகா-டெவ்’. அந்தப் பிழைச்செய்தியின் இரண்டாவது வாக்கியமே அதை நிறுவிப் பார்க்கச் சொல்கிறது. முதல் வாக்கியத்தோடு நிறுத்திவிட்டால் கண்ணில் படாது. 22.04இல் கிடைப்பது 1.82. டெசராக்ட் 5க்குத் தாராளம்.

எந்த மென்பொருளானாலும் ‘ஏதோ.ஹெச்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று வந்தால் இதே கதைதான். ‘ஏபிடி-ஃபைல்’ என்ற கருவியை நிறுவி, ‘சுடோ ஏபிடி-ஃபைல் அப்டேட்’ கொடுத்து, ‘ஏபிடி-ஃபைல் சர்ச்’ என்று அந்த ஹெடர் பெயரைத் தேடினால் எந்தப் பேக்கேஜ் என்று காட்டும். லெப்டோனிகாவின் பொது ஹெடருக்கு ‘ஆல்ஹெடர்ஸ்.ஹெச்’ என்று பெயர். பெயரைப் பார்த்து லெப்டோனிகாவுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தத் தேடல் இல்லாமல் அலைபவர்கள் அதிகம்.

இப்போது உங்கள் கணினியில் லெப்டோனிகா இரண்டு இருக்கின்றன: பேக்கேஜாக வந்தது /யூஎஸ்ஆர்/லிப்பில், நீங்கள் கட்டியது /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்பில். உபுண்டுவின் பிகேஜி-கான்ஃபிக் லோக்கலைத்தான் முதலில் பார்க்கும். ஆகவே டெவ் பேக்கேஜை இப்போது நிறுவினாலும் நீங்கள் கட்டியதே முந்திக்கொள்ளும். ‘பிகேஜி-கான்ஃபிக் --மாட்வெர்ஷன் லெப்ட்’ கொடுத்தால் எந்தப் பதிப்பு கண்ணில் படுகிறது என்று தெரியும். இதனால் இரண்டு வகைத் தொல்லை வரும். ஒன்று: லெப்டோனிகா 1.83இல் சில தரவமைப்புகளின் உள்விவரத்தைப் பொது ஹெடரிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்திய காலத்து டெசராக்டை அதோடு கட்டினால் ‘இன்கம்ப்ளீட் டைப்’ என்று பிழை கொட்டும். இரண்டாவது இதைவிடத் தந்திரமானது: லெப்டோனிகாவைக் கட்டியபோது படக் கோப்பு வகைகளைப் படிக்கும் லிப்பிஎன்ஜி, லிப்ஜேபெக், லிப்டிஃப் ஆகியவற்றின் டெவ் பேக்கேஜ்கள் இல்லாதிருந்தால், அது புகார் எதுவும் சொல்லாமல் அந்த வசதிகளை விட்டுவிட்டுக் கட்டி முடித்திருக்கும். எல்லாம் வெற்றி என்று தோன்றும். ஸ்கேன் செய்த படத்தைக் கொடுக்கும்போதுதான் ‘ஃபங்ஷன் நாட் பிரசென்ட்’ என்று வரும்.

அதனால் நீங்கள் கட்டிய லெப்டோனிகாவை நீக்கிவிடுங்கள். அதன் மூல அடைவு இன்னும் இருந்தால் உள்ளே போய் ‘சுடோ மேக் அன்இன்ஸ்டால்’, பிறகு ‘சுடோ எல்டிகான்ஃபிக்’. அடைவை அழித்துவிட்டீர்களா? அதே பதிப்பை மறுபடி இறக்கி, முன்பு கொடுத்த அதே விருப்பங்களோடு கான்ஃபிகர் மட்டும் ஓட்டிவிட்டு அன்இன்ஸ்டால் கொடுக்கலாம். கையால் ஒவ்வொரு கோப்பாக அழிப்பதைவிட இது பத்திரம்.

அடுத்து டெசராக்டைச் சுத்தமாகத் தொடங்குவோம். பழைய அடைவில் தொடர வேண்டாம். பழைய கான்ஃபிகரின் முடிவுகள் அந்த மேக்ஃபைல்களில் உறைந்து கிடக்கின்றன, டெவ் பேக்கேஜ் நிறுவியது அவற்றுக்குத் தெரியாது. நிறுவ வேண்டியவை: பில்ட்-எசென்ஷியல், கிட், ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல், பிகேஜி-கான்ஃபிக், லிப்லெப்டோனிகா-டெவ். கிட் வழியாக மூலநிரலை எடுத்து, அன்றாடம் மாறும் முதன்மைக் கிளையில் நிற்காமல் ‘கிட் செக்அவுட் 5.3.4’ என்று வெளியான பதிப்புக்குப் போங்கள். அப்புறம்:

./ஆட்டோஜென்.எஸ்ஹெச்
எம்கேடிர் பில்ட்
சிடி பில்ட்
../கான்ஃபிகர்
மேக் -ஜே2
சுடோ மேக் இன்ஸ்டால்
சுடோ எல்டிகான்ஃபிக்

தனி ‘பில்ட்’ அடைவில் கட்டினால் ஏதாவது கெட்டுப்போகும்போது அந்த அடைவை மட்டும் அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கலாம். சுடோ கடைசி இரண்டு வரிகளுக்கு மட்டுமே. ‘சுடோ மேக்’ என்று ஒருமுறை கொடுத்துவிட்டால் உருவாகும் கோப்புகள் ரூட் பயனருக்குச் சொந்தமாகி, அடுத்த முறை உங்கள் கணக்கில் ‘பெர்மிஷன் டினைட்’ வரும்.

இந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்பதை வைத்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம்.

கான்ஃபிகர் ‘சின்டாக்ஸ் எர்ரர் நியர் அன்எக்ஸ்பெக்டட் டோக்கன்’ என்று நின்று, அந்த வரியில் ‘பிகேஜி_செக்_மாட்யூல்ஸ்’ என்ற பெயர் பேரெழுத்தில் அப்படியே தெரிந்தால், ஷெல் நிரலில் தவறில்லை. கான்ஃபிகரை உருவாக்கும் ஆட்டோஜென் ஓடியபோது பிகேஜி-கான்ஃபிக் நிறுவப்பட்டிருக்கவில்லை. அதனால் அந்த மேக்ரோ விரிக்கப்படாமல் பச்சையாக உள்ளே போய்விட்டது. பேக்கேஜை நிறுவியபின் கான்ஃபிகரை மட்டும் திரும்ப ஓட்டிப் பயனில்லை, ஆட்டோஜென்னையும் ஓட்ட வேண்டும். ‘ஏஎக்ஸ்_’ என்று தொடங்கும் பெயர் அப்படித் தெரிந்தால் விடுபட்டது ‘ஆட்டோகான்ஃப்-ஆர்க்கைவ்’.

‘அன்சேஃப்’ என்ற சொல்லோடு நின்றால் அடைவுப் பாதையில் இடைவெளி இருக்கிறது. ‘பழைய இதழ்கள்’ போல இரண்டு சொல் பெயருள்ள ஃபோல்டருக்குள் வைத்திருப்பீர்கள். வெளியே எடுத்துவிடுங்கள். விண்டோஸ் பகிர்வில் வைத்துக் கட்டுவதும் வேண்டாம். ஓட்டும் அனுமதி, சிம்லிங்க் இரண்டும் அங்கே தகராறு செய்யும்.

கான்ஃபிகர் நின்றதன் உண்மைக் காரணம் ‘கான்ஃபிக்.லாக்’ கோப்பில் இருக்கும். அதன் கடைசிப் பக்கங்களைப் பார்த்துக் குழம்பாதீர்கள், அங்கே இருப்பது மாறிகளின் பட்டியல்தான். அடியிலிருந்து மேல்நோக்கி ‘ஃபெயில்ட் புரோகிராம் வாஸ்’ என்று தேடுங்கள். கான்ஃபிகர் சோதித்துப் பார்த்த குட்டி நிரலும், அதற்கு நேர் மேலே கம்பைலர் சொன்ன மறுப்பும் அங்கே கிடைக்கும். இடையிடையே தோற்றுப்போன சோதனைகள் பல இருக்கும், அவை இயல்பு. நிற்கவைத்த கடைசிச் சோதனைதான் உங்களுக்கு வேண்டியது.

‘டிரெய்னிங் டூல்ஸ் வில் நாட் பி பில்ட்’ என்று பேரெழுத்தில் வரும் எச்சரிக்கை பலரைப் பயமுறுத்துகிறது. புதிய எழுத்துருவுக்கு டெசராக்டைப் பயிற்றுவிக்கும் கருவிகள் கட்டப்படாது என்பது மட்டுமே அதன் பொருள். அதற்கு ஐசியு, பேங்கோ, கெய்ரோவின் டெவ் பேக்கேஜ்கள் வேண்டும். படித்தெடுக்க அவை தேவையில்லை.

இனி லிங்கர். ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்றால் ஹெடர் கிடைத்தது, கோப்புகள் கம்பைல் ஆகிவிட்டன, ஆனால் அறிவிக்கப்பட்ட ஃபங்ஷனின் உடல் எந்த லைப்ரரியிலும் அகப்படவில்லை. பெரும்பாலும் ஹெடர் ஒரு பதிப்பிலிருந்தும் .எஸ்ஓ வேறு பதிப்பிலிருந்தும் வந்திருக்கும். டெசராக்டில் அடிக்கடி பார்ப்பது ‘டிஃப்’ என்று தொடங்கி ‘@லிப்டிஃப்_4.0’ என்று முடியும் பெயர். அதைக் கண்டால் பைத்தான் தொகுப்பான அனகோண்டா நிறுவியிருக்கிறீர்களா என்று பாருங்கள். கோண்டா சூழல் இயங்கிக்கொண்டிருந்தால் அதன் சொந்த லிப்டிஃப் குறுக்கே வந்து நிற்கும். ‘கோண்டா டீஆக்டிவேட்’ கொடுத்து, பில்ட் அடைவை அழித்து, கான்ஃபிகரிலிருந்து திரும்ப வாருங்கள். லிங்கருக்கு என்னதான் கொடுக்கப்பட்டது என்று பார்க்க ‘மேக் வி=1’ (வி பேரெழுத்து); சுருக்கமாகக் காட்டும் வரிகளுக்குப் பதில் முழுக் கட்டளையும் தெரியும்.

கட்டி முடித்தபின் ‘லிப்டெசராக்ட்.எஸ்ஓ.5: கேனாட் ஓபன் ஷேர்ட் ஆப்ஜெக்ட் ஃபைல்’ என்று வந்தால் எல்டிகான்ஃபிக்கை மறந்திருப்பீர்கள். கோப்பு இருக்கிறது, லோடரின் அட்டவணையில் இன்னும் ஏறவில்லை, அவ்வளவே. 5ஐ நிறுவியும் ‘டெசராக்ட் --வெர்ஷன்’ 4.1.1 என்றே காட்டினால், ஷெல் பழைய இடத்தை நினைவில் வைத்திருக்கிறது. ‘ஹேஷ் -ஆர்’ கொடுங்கள், அல்லது புது டெர்மினல் திறங்கள். இதே வெர்ஷன் கட்டளை லெப்டோனிகாவின் பதிப்பையும், அதனோடு சேர்ந்திருக்கும் பட லைப்ரரிகளையும் காட்டும். அங்கே லிப்பிஎன்ஜி, லிப்ஜேபெக், லிப்டிஃப் மூன்றும் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். ‘எல்டிடி’ கட்டளைக்கு /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில் உள்ள டெசராக்டைக் கொடுத்தால் எந்த லைப்ரரி எந்த அடைவிலிருந்து ஏறுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

பிறகு தமிழ்த் தரவு. நீங்கள் கட்டிய டெசராக்டோடு மொழித் தரவு எதுவும் வராது. ‘டாம்.டிரெய்ண்ட்டேட்டா’ (மொழிக்குறி மூன்றெழுத்து: டி, ஏ, எம்) கோப்பை இறக்கி /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/டெஸ்டேட்டா அடைவில் போட வேண்டும். கிட்ஹப்பில் கோப்பின் பெயரை வலச்சொடுக்கிச் சேமித்தால் அந்த இணையப் பக்கம்தான் இறங்கும், தரவு இறங்காது. பெயர் சரியாக இருக்கும், திறக்கும்போது தோற்கும். ‘ஃபைல்’ கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள்; ‘ஹெச்டிஎம்எல்’ என்று காட்டினால் ‘ரா’ பொத்தான் வழியாக மறுபடி இறக்குங்கள். டெஸ்டேட்டா_ப்ரீஃபிக்ஸ் என்ற சூழல் மாறி 3ஆம் பதிப்பில் டெஸ்டேட்டாவுக்கு மேலுள்ள அடைவைக் காட்ட வேண்டியிருந்தது. 4 முதல் டெஸ்டேட்டா அடைவையே காட்ட வேண்டும். எச்பி 1985 முதல் 1994 வரை உருவாக்கி, 2005இல் திறந்துவிட்டு, 2006 முதல் 2018 வரை கூகுள் வளர்த்த மென்பொருள் இது. இணையத்தில் எல்லாக் காலத்து வழிகாட்டிகளும் கலந்து கிடக்கின்றன. தேதியைப் பார்த்துப் பின்பற்றுங்கள். ‘டெசராக்ட் --லிஸ்ட்-லாங்ஸ்’ பட்டியலில் தமிழ் வந்துவிட்டால் வேலை முடிந்தது.

மூலநிரலிலும் உங்கள் கணினியிலும் குற்றமில்லாமல், கம்பைலர் புதிதானதால் மட்டும் விழும் பிழைகளும் உண்டு. வேறு பழைய மென்பொருளைக் கட்டும்போது சந்திப்பீர்கள். லினக்ஸின் வழக்கமான கம்பைலரான ஜிசிசியின் 13ஆம் பதிப்பில் ‘யூஇன்ட்8_டி டஸ் நாட் நேம் எ டைப்’ என்றால் அந்தக் கோப்பின் தலையில் ‘சிஎஸ்டிடிஇன்ட்’ ஹெடரைச் சேர்க்க வேண்டும்; முன்பு வேறு ஹெடர் வழியாகத் தானாக வந்துகொண்டிருந்தது நின்றுவிட்டது. ஜிசிசி 10 முதல் சி நிரலில் ‘மல்டிபிள் டெஃபினிஷன்’ கொட்டினால் ‘-எஃப்காமன்’ விருப்பத்தைக் கொடுத்துத் தற்காலிகமாகத் தாண்டலாம். ஜிசிசி 14 அறிவிக்கப்படாத ஃபங்ஷனை எச்சரிக்கையிலிருந்து பிழையாக உயர்த்திவிட்டது. மூன்றுக்கும் நல்ல மருந்து அந்த மென்பொருளின் புதிய பதிப்பு.

‘க்ளாக் ஸ்கியூ டிடெக்டட்’ என்று வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். விண்டோஸும் லினக்ஸும் ஒரே லேப்டாப்பில் இருந்தால் நம் ஊரில் சரியாக ஐந்தரை மணி நேரம் தாவியிருக்கும்: விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தில் இந்திய நேரத்தை வைக்கிறது, லினக்ஸ் அதை யுடிசி (உலகப் பொது நேரம்) என்று படிக்கிறது. எதிர்கால நேரம் பதிந்த கோப்புகளை வைத்து மேக் எதைப் புதிது, எதைப் பழையது என்று சொல்லும்? நேரத்தைச் சரிசெய்து, மூலநிரலைப் புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொன்னபின் ஒன்று கேட்கத் தோன்றுகிறது: உங்களுக்கு 5தான் வேண்டுமா? உபுண்டு 24.04இல் 5.3.4 பேக்கேஜாகவே வருகிறது. மேம்படுத்த முடிந்தால் கம்பைல் வேலையே இல்லை. தவிர, 4க்கும் 5க்கும் பயன்படுவது அதே தமிழ்த் தரவுக் கோப்புகள்தான். 5இல் வேகமும் நினைவகச் சிக்கனமும் கூடியிருக்கின்றன. எழுத்தைச் சரியாக அடையாளம் காண்பதில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். உபுண்டு தரும் தமிழ்த் தரவு ‘ஃபாஸ்ட்’ வகை. அதை விட்டு ‘டெஸ்டேட்டா_பெஸ்ட்’ தொகுப்பிலிருந்து தமிழ்க் கோப்பை எடுத்து உங்கள் 4.1.1க்கே கொடுத்து, 300 டிபிஐயில் ஸ்கேன் செய்த நல்ல பக்கம் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். மெதுவாகத்தான் ஓடும். விளைவு போதுமென்று பட்டால் கம்பைலை நிறுத்திவிட்டு இதழ்களைக் கவனிக்கலாம். போதாதென்றால் மேலே சொன்ன வரிசையில் கட்டுங்கள். அப்போதும் நின்றால் எனக்குக் கடைசி வரிகள் வேண்டாம்: பில்ட்.லாக்கில் முதல் ‘எர்ரர்:’ வரியும் அதைச் சுற்றி மேலும் கீழும் பத்துப் பத்து வரிகளும், கூடவே பிகேஜி-கான்ஃபிக் சொன்ன லெப்டோனிகா பதிப்பும்.